பெயிண்டுக்கு அடியில் வளரும் துரு

இரும்பானது காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் வினைபுரிந்து நீரேறிய ஆக்சைடாக மாறுவதே துரு. அது தான் தின்ற இரும்பைக் காட்டிலும் மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்வதால், மேலே பூசிய பெயிண்டை உள்ளிருந்தே தள்ளிக் கொப்புளமாக்குகிறது. மட்கார்டில் மிளகளவே கொப்புளம் தெரிந்தாலும், சுரண்டிப் பார்த்தால் அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தகடு அரித்திருப்பதுண்டு.

2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் காரில் தனிச் சேஸிஸ் சட்டம் கிடையாது. உடற்கூடே பாரத்தைத் தாங்குகிறது என்பதால், கால்மிதிக்குக் கீழுள்ள தரைத்தகட்டில் ஏறும் துரு அழகைக் கெடுப்பதோடு வண்டியின் வலுவையும் குலைக்கிறது. ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டும்போது கணீரென்று ஒலிக்காமல் சொதசொதவென்று உள்ளிறங்கும் தகட்டுக்கு எந்த மருந்தும் உதவாது. அதை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டை வெல்டிங் செய்வதே முறை. அந்த ஓட்டையைப் பட்டி என்னும் நிரப்புப் பசையால் அடைத்து மெருகேற்றி விற்பது வேலையன்று, ஏமாற்று. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை அங்கே வைத்தால், அது பிடிப்பின்றி வழுக்குவதே குட்டை உடைத்துவிடும்.

மேலோட்டமாகத் துருவேறிய இடத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டி, பின் 80ஆம் எண் உப்புத்தாளால், உறுதியான பெயிண்டின் விளிம்பு எட்டும்வரை, தகடு பளிச்சிடத் தேய்க்க வேண்டும். குழிகளுக்குள் எஞ்சும் கரும்புள்ளிகளுக்கே துருமாற்றி பயன்படுகிறது: அதிலுள்ள பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்பு பாஸ்பேட்டாகவும், டானிக் அமிலம் நீலக்கருமையான டானேட்டாகவும் மாற்றி நிலைப்படுத்துகின்றன. செதில் செதிலாய்த் தடித்த துருவின் மேல் அதைப் பூசுவது வீண்.

தேய்த்த தகட்டைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து அன்றே பிரைமர் பூசிவிட வேண்டும், கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றில் வெறுந்தகடு ஓரிரவிலேயே சிவந்துவிடக்கூடும் என்பதால். பட்டறைகளில் பழகிய ரெட் ஆக்சைடு ஈரத்தை முற்றும் தடுப்பதில்லை. இருகலவை எபாக்ஸி பிரைமர் அதைவிட நெருக்கமான படலமாகிறது. பட்டியும் ஈரத்தை உறிஞ்சுவதாகையால் எபாக்ஸியின் மேலேயே அதை இட வேண்டும்.

கதவின் உட்புறத்தைப் பெயிண்ட் எட்டாது. கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் வெளியேற அடிவிளிம்பில் விட்டிருக்கும் சிறுதுளைகளைப் புதுப் பெயிண்டே அடைத்துவிடுவதுண்டு. ஆகவே கதவை மாட்டுமுன் அவற்றைக் கம்பியால் குத்தித் திறந்து, உள்ளே மெழுகுத் தைலம் பீய்ச்சுவது வழக்கம்.