முக்கனியும் கோதுமை மாவும்

மா, பலா, வாழை என்னும் மூன்றையும் முக்கனி என்று போற்றுவது தமிழர் மரபு. இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களையும் கொண்ட சப்ரகமுவ மாகாணத்தில் மழைக்குக் குறைவில்லை. அதனால் பலா அங்கே தானே முளைத்துத் தானே வளர்கிறது. இளம் இறப்பர்க் கன்றுகளின் நடுவே முதற் சில ஆண்டுகளுக்கு வாழையும் அன்னாசியும் ஊடுபயிராக நிற்கின்றன. ஆயினும், பருவகாலத்தில் பழுத்து விழும் கனிகளில் ஒரு பகுதி உண்பாரின்றி மண்ணிலே அழுகிப்போகிறது. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, காவத்தை முதலிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களின் லயங்களிலோ மாலைவேளைப் பலகாரம் பெரும்பாலும் ரொட்டியும் தேநீருமே. மாவும் கனியும் அருகருகே இருந்தும் ஒன்று சேர்வதில்லை. அவ்விரண்டையும் ஒரே சட்டியில் சேர்க்கும் எளிய முறையொன்று உண்டு. அதற்கு மேல்நாட்டார் வைத்த பெயர் கொப்ளர்.

இது செல்வர் மாளிகையிற் பிறந்த பண்டம் அன்று. ஆங்கிலேயர் அமெரிக்காவிற் குடியேறிய காலத்தில், தாயகத்தில் உண்டு பழகிய இனிப்புகளைச் செய்வதற்கு வேண்டிய பொருள்களும் வசதிகளும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. ஆகவே கிடைத்த பழத்தைச் சட்டியிலிட்டு, அதன்மேல் பிசைந்த மாவைத் துண்டு துண்டாகப் பரப்பித் தணலில் வேகவைத்தனர். மேற்பரப்பு கல் பாவிய தெருவைப்போல் மேடும் பள்ளமுமாய்த் தோன்றுவதால் இப்பெயர் வந்தது என்பர் சிலர். பெயர் எவ்வாறாயினும், அடுப்பங்கரையில் வெதுப்பி இல்லாதவர் கண்டுபிடித்த முறை இது என்பதே கருதத்தக்கது.

தோட்டத்து மக்களின் உணவிற் கோதுமை மா ஊன்றியதற்கும் ஒரு நெருக்கடி காரணமாயிற்று. 1942ஆம் ஆண்டில் பர்மா ஜப்பானியர் வசமானபோது அங்கிருந்து இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பங்கீட்டில் மா வந்தது, ரொட்டி நிலைத்தது. பின்னர் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அந்த மாவின் விலையே எட்டாத உயரத்திற்கு ஏறியபோது, பலாவே பல குடும்பங்களின் பசி தீர்த்தது.

இனிச் செய்முறையைக் காண்போம். ஆறு பேருக்கு முக்கால் கிலோ பழம் போதும். அன்னாசி, பலாச்சுளை, மாம்பழம் ஆகிய எதுவும் ஏற்றதே. வருக்கைச் சுளையாயின் சிறிதாக அரிந்து வேகவிட வேண்டும். கூழன் பலாவுக்கு ஒரு கொதி போதும். வாழைப்பழத்தை மட்டும் இறுதியில் சேர்த்தல் நன்று; இல்லையேல் கரைந்துவிடும். பழத்துடன் நான்கு மேசைக்கரண்டி சீனியோ, தூளாக்கிய கித்துள் வெல்லமோ, சிறிது நீரும் சேர்த்து அகன்ற சட்டியிற் கொதிக்கவிட வேண்டும். ஒரு துண்டு கறுவா மணம் தரும்.

பழம் கொதிக்கும் வேளையில் இரண்டு தேநீர்க் கோப்பை மாவில் அரைத் தேக்கரண்டி அப்பச்சோடாவும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து, இரண்டு மேசைக்கரண்டி மாஜரினையோ தேங்காயெண்ணெயையோ விரல் நுனியாற் பிசிறிக்கொள்ள வேண்டும். ஒரு கோப்பைக்குச் சற்றுக் குறைவான தேங்காய்ப்பாலில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சஞ்சாறு விட்டு, அதனை மாவில் ஊற்றிக் கரண்டியால் நாலைந்து முறை மட்டும் கிளறுக. ரொட்டிக்குப் பிசைவதுபோற் பிசைந்தால் மாவிலுள்ள பசை இறுகிப் பண்டம் கடினமாகிவிடும். எலுமிச்சையின் புளிப்பும் சோடாவும் கூடியவுடன் கரியமிலவாயு எழும். அதுவே மாவை உப்பச் செய்வது. ஆதலால், கலந்த மாவைக் காத்திருக்க விடலாகாது. கொதிக்கும் பழத்தின்மேல் உடனே கரண்டி கரண்டியாக இடைவெளி விட்டு இட வேண்டும். பழம் ஆறியிருந்தால் மாவின் அடிப்பக்கம் வேகாமல் பசையாகவே நின்றுவிடும்.

அடுத்தது நெருப்பு. அப்பச்சட்டியின் மூடிமேலும் தணலிட்டு அப்பஞ் சுடும் பழைய வழக்கம் இந்நாட்டிற்குப் புதியதன்று. அதே முறை இங்கும் பயன்படும். எரியும் இறப்பர் விறகை வெளியே இழுத்துவிட்டு, அடியிற் சிறிதளவும் தட்டையான தகர மூடியின்மேல் அதனினும் மிகுதியாகவும் தணல் இட வேண்டும். அடியில் நெருப்பு மிகுந்தால் வெல்லம் கருகும். முதல் இருபது நிமிடம் மூடியைத் திறத்தல் கூடாது. அரைமணி நேரத்திற்குள் மேற்புறம் பொன்னிறமாகும். ஈர்க்கொன்றைக் குத்திப் பார்த்து, மா ஒட்டாது வந்தால் இறக்கிவிடலாம். கொழுந்தெடுத்து மாலையில் வீடு திரும்பும் தாய்க்கு இது ரொட்டி சுடுவதைவிட அதிக வேலையன்று. அடுப்பருகே நின்று ஒவ்வொன்றாய்ப் புரட்ட வேண்டியதும் இல்லை.

இப்பண்டத்தின் அளவை மிகைப்படுத்தலாகாது. 2016ஆம் ஆண்டின் தேசிய மக்கட்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட இலங்கைக் குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். தோட்டப்புறத்திலோ அத்தொகை ஏறத்தாழ 32. இக்குறையை இனிப்பொன்று தீர்க்காது. கனியைச் சமைக்கும்போது அதிலுள்ள சீ உயிர்ச்சத்தில் ஒரு பகுதி அழிந்துபோவதும் உண்மை. ஆகவே பிள்ளைகளுக்குப் பச்சையாகவும் பழம் கொடுத்தல் வேண்டும். பலாக்கொட்டையை எறிந்துவிடாமல் அவித்துக் கொடுத்தால் மாச்சத்தும் ஓரளவு புரதமும் கிடைக்கும். வெறும் ரொட்டியும் சாயத் தேநீருமாய்க் கழியும் மாலையில் கனியும் தேங்காய்ப்பாலும் சேர்வது சிறிதேயாயினும் நன்மையே.

பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸ் பத்து இலட்சம் பலாமரங்களை நடுவிக்க முனைந்து, 'கொஸ் மாமா', அதாவது பலா மாமா, என்று மக்களால் அழைக்கப்பெற்றார். 1951ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம் அனுமதியின்றிப் பலாவை வெட்டுவதைத் தடுக்கிறது. விதையிட்ட பலா காய்ப்பதற்கு ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை செல்லும். ஆனால் லயத்தில் வாழ்வோருட் பலருக்கு, தாம் குடியிருக்கும் நிலமே தமக்குரியதன்று. நட்ட மரத்தின் கனி தன் பிள்ளைக்கு உரியதாகும் என்ற உறுதி கிடைத்தாலன்றி எவரும் எட்டாண்டு காத்திருக்க மனங்கொள்ளார். மரம் நடச் சொல்வோர் மண்ணின் உரிமையையும் சேர்த்தே பேசுதல் வேண்டும்.