எண்ணைப் பார்த்து சாப்பிடலாமா?

'தர்பூசணியில் கிளைசீமிக் இண்டெக்ஸ் அதிகமாமே... வீட்டுக்காரருக்கு சுகர். கொடுக்கலாமா, கூடாதா?' உங்களுக்கும் இப்படி ஒரு சந்தேகம் வந்திருக்கலாம். அரிசி மூட்டையிலிருந்து பிஸ்கட் பாக்கெட் வரை இன்று இந்த வார்த்தை ஏறிவிட்டது! அது என்ன சமாசாரம், அதற்காக நம்ம சமையலையே மாற்றணுமா... பார்ப்போம்.

கனடாவில் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981-ல் வெளியிட்ட கணக்கு இது. 50 கிராம் மாவுச்சத்து கிடைக்கிற அளவுக்கு ஒரு உணவைக் கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரம் ரத்தத்தில் சர்க்கரை எப்படி ஏறி இறங்குகிறது என்று அளப்பார்கள். குளூக்கோஸுக்கு 100 மார்க். மற்றதெல்லாம் அதோடு ஒப்பிட்டுத்தான். 55-ம் அதற்குக் கீழேயும் குறைவு; 70-ம் அதற்கு மேலேயும் அதிகம்.

சிக்கல் எங்கே?

தர்பூசணிக்கு 70-க்கு மேல் மார்க். ஆனால் 100 கிராம் பழத்தில் மாவுச்சத்து ஏழெட்டு கிராம்தான். 50 கிராம் சேர அரைக் கிலோவுக்கு மேல் சாப்பிடணும்! நாம் சாப்பிடுவது நாலு துண்டு.

இதற்காகவே இன்னொரு கணக்கு வந்தது. பெயர், கிளைசீமிக் லோடு. இண்டெக்ஸை, நீங்கள் சாப்பிடும் மாவுச்சத்தின் கிராமால் பெருக்கி 100-ஆல் வகுக்கணும். 10-க்குள் இருந்தால் குறைவு, 20-ஐத் தொட்டால் அதிகம். நாலு துண்டு தர்பூசணி 10-ஐத் தாண்டாது.

இப்போது அரிசிக்கு வாருங்கள். 'இண்டெக்ஸ் குறைவு' என்று போட்ட அரிசியையே, 55 மார்க் என்று வைத்து, 100 கிராம் வடித்துச் சாப்பிடுகிறீர்கள். அதில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். கணக்குப் போட்டால் 43! 'நல்ல அரிசிதானே' என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டால் என்ன ஆகும்?

இன்னொன்று, யாரும் வெறும் சோற்றை மட்டும் சாப்பிடுவதில்லை. பருப்பு, காய், மோர் சேரும்போது சர்க்கரை ஏறும் வேகம் குறையும். அதே கேழ்வரகை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் வேகம் கூடும். கொழுப்பு இருப்பதால் ஐஸ்கிரீமுக்கு மார்க் குறைவு. அதற்காக அதை தினம் சாப்பிட முடியுமா?

அப்போ இது தேவையே இல்லையா?

அப்படியும் சொல்ல முடியாது. 2021-ல் வெளியான ஆய்வில் 20 நாடுகளில் சுமார் 1,38,000 பேரைக் கவனித்தார்கள். இண்டெக்ஸ் அதிகமான உணவையே சாப்பிட்டவர்களிடம் இதய நோயும் மரணமும் கூடுதலாக இருந்தன. ஆனால் 2014-ல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், ஏற்கெனவே காய், பழம், தானியம் என்று நல்ல சாப்பாடு கொடுக்கப்பட்டவர்களுக்கு இண்டெக்ஸைக் குறைத்ததால் மட்டும் ரத்த அழுத்தமோ, இன்சுலின் செயல்பாடோ மேம்படவில்லை. ஆக, சாப்பாடு மொத்தத்தில் ஒழுங்காக இருந்தால் எண்ணைப் பிடித்துக்கொண்டு கவலைப்பட வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது:

* தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன். மிச்சம் கால் பங்குதான் சோறோ, சப்பாத்தியோ.
* பழத்தை ஜூஸாக்காமல் கடித்துச் சாப்பிடுங்கள்.
* வீட்டில் குளூக்கோமீட்டர் இருந்தால், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஒருவருக்கு ஏறுவது போல இன்னொருவருக்கு ஏறாது. எந்தப் பட்டியலையும்விட அதுதான் உங்கள் கணக்கு.

முக்கியமாக ஒன்று. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்குத் திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். அந்த நேரத்தில் 'இண்டெக்ஸ் அதிகமாச்சே' என்று யோசிக்காதீர்கள்! மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வேகமாக ஏறும் சர்க்கரைதான் அப்போது உயிர் காக்கும்.