வளைந்தாலும் வில் முறியாதது ஏன்?

1545-இல் மூழ்கிய 'மேரி ரோஸ்' என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலிலிருந்து 130-க்கும் மேற்பட்ட முழு வில்கள் மீட்கப்பட்டன. ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள அவை யூ மரத்தால் செய்யப்பட்டவை. ஏன் அந்த மரம்?

வில்லை வளைக்கும்போது, இலக்கைப் பார்த்திருக்கும் முதுகுப்புறம் இழுபடுகிறது. வில்லாளியைப் பார்த்திருக்கும் வயிற்றுப்புறம் அமுங்குகிறது. யூ மரத்தின் வெளிர்நிறச் சாற்றுக்கட்டை இழுவிசையை நன்றாகத் தாங்கும். செந்நிற வைரக்கட்டை அமுக்கத்தைத் தாங்கும். இரண்டும் ஒட்டியிருக்கும்படி வெட்டினால், பசையே இல்லாமல் ஈரடுக்கு வில் கிடைத்துவிடும்!

முதுகில் நார்கள் அறுபட்டால் விரிசல் அங்கேதான் தொடங்கும். அதனால் தச்சர் முதுகை விட்டுவிட்டு வயிற்றுப்புறத்தையே சீவுகிறார்.

எவ்வளவு சீவலாம்? இங்கேதான் கவனம் வேண்டும். வில்லின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறும். தடிமனில் 10 சதவீதம் குறைந்தால், அந்த இடத்தின் விறைப்பில் சுமார் 27 சதவீதம் போய்விடும். ஆகவே கொஞ்சம் சுரண்டுவது, நாண் பூட்டி மெல்ல இழுப்பது, வளைவைப் பார்ப்பது, மீண்டும் சுரண்டுவது எனப் பொறுமையாக வேலை நடக்கிறது. விறைப்பான இடத்தில் மட்டுமே மரம் எடுக்க வேண்டும். ஓரிடம் மட்டும் அதிகமாக மடங்கினால், சுமை முழுவதும் அங்கே குவிந்து வில் முறியும்.

கடைசியில் உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயோ தேன்மெழுகோ பூசுவார்கள். இது அழகுக்கு மட்டுமல்ல. ஈரம் ஏறிய மரம் தளர்ந்துபோகும். மிகவும் காய்ந்த மரம் எளிதில் முறியும். ஈரம் விரைந்து ஏறி இறங்காமல் பூச்சு காக்கிறது. நல்ல வில் என்பது மரத்தின் இயல்பை மதித்துச் செதுக்கியது.