ஆறு மாதத்துக்கு விலைபோகும் குழந்தை ஆய்வு

இன்சூரன்ஸ் மறுத்த மருந்துக்கு மேல்முறையீடு செய்ய, பெரும்பாலான தனியார் திட்டங்களில் 180 நாள் அவகாசம். கெடு நெருங்கும் பதற்றத்தில் அமெரிக்காவின் எடிசன், ஃப்ரிமான்ட், ஃப்ரிஸ்கோவிலிருந்து வரும் கடிதங்களில் ஒரே கேள்வி: "ஆஃப்-லேபிள் என்று மறுத்துவிட்டார்கள். டாக்டர் என் குழந்தையிடம் சோதனை செய்து பார்க்கிறாரா?"

இல்லை. ஆஃப்-லேபிள், அதாவது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 'அங்கீகரிக்கவில்லை' என்றால், அந்த வயதுக்கு, அந்த நோய்க்கு ஆதாரம் காட்டி எந்தக் கம்பெனியும் அனுமதி வாங்கவில்லை என்றுதான் அர்த்தம். குழந்தைகளின் ரத்தநாளக் கட்டிக்கு ப்ரோப்ரனோலால் வேலை செய்வது 2008-இல் தெரிந்தது. லேபிளில் ஏறியது 2014-இல். இடைப்பட்ட காலமெல்லாம் அது ஆஃப்-லேபிள்தான்.

கம்பெனிகள் ஏன் கேட்பதில்லை? குழந்தைச் சந்தை சிறியது. 1997-இல் அமெரிக்க காங்கிரஸ் அதற்கு ஒரு தூண்டில் போட்டது. எஃப்.டி.ஏ. எழுதிக் கேட்கும் குழந்தை ஆய்வைச் செய்து கொடுத்தால், மருந்தின் தனி விற்பனை உரிமை ஆறு மாதம் நீளும். மருந்து குழந்தைக்குப் பலிக்காவிட்டாலும் ஆறு மாதம் உண்டு. அது நியாயமே, பலிக்காது என்பதும் டாக்டருக்குத் தெரிய வேண்டிய செய்தி. என்னை உறுத்துவது வேறு. அந்த ஆறு மாதம் பெரியவர்களுக்கு விற்பதற்கும் சேர்த்துத்தான். ஆகவே, எந்த மருந்தைக் குழந்தையிடம் ஆராய்வது என்பதைப் பெரியவர்களின் கொழுப்பும் ரத்த அழுத்தமும் தீர்மானிக்கின்றன. ஒன்பது மருந்துகளைக் கணக்கிட்டு 2007-இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வந்த ஆய்வில், இந்த நீட்டிப்பால் கம்பெனிக்குக் கிடைத்த இடைநிலை நிகர ஆதாயம் 13 கோடி டாலருக்கும் மேல்.

பச்சிளங்குழந்தைக்கு என்ன கிடைத்தது? 1997 முதல் 2010 வரை குழந்தைகளுக்காகத் திருத்திய லேபிள்கள் 406. பிறந்த குழந்தை பற்றிய தகவல் சேர்ந்தவை 24. பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்.ஐ.சி.யு.) அன்றாடம் ஏற்றும் பழைய மருந்துகள் பலவற்றுக்குக் காப்புரிமையே தீர்ந்துவிட்டது, நீட்டிக்க எதுவுமில்லை. அவற்றுக்கு அரசுப் பணத்தில்தான் ஆய்வு. மெரோபெனெம் என்ற ஆன்டிபயாடிக் மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு 2014-இல் லேபிள் பெற்றது அந்த வழியில்தான்.

எடைக்கேற்ப டோஸைக் குறைத்தால் போதாதா? போதாது. குளோராம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாடிக்கைக் கழிக்கக் கல்லீரல் முதிராத குறைமாதக் குழந்தைகள் சாம்பல் பூத்து இறந்ததை 1959-இல் லாஸ் ஏஞ்சலஸ் டாக்டர்கள் பதிவு செய்தார்கள்.

ஆஃப்-லேபிளாக எழுதுவது சட்டமீறலா? இல்லை.

இந்தியாவிலிருந்து வந்த, வாந்திக்கான டொம்பெரிடோன் சொட்டு? அமெரிக்காவில் எந்த வயதுக்கும் அனுமதி இல்லாத மருந்து, கொடுக்காதீர்கள்.

காய்ச்சலுக்கான நிமெசுலைட்? 12 வயதுக்குக் கீழே 2011-இல் இந்தியாவே தடுத்துவிட்டது.

மேல்முறையீட்டில் எதை வைப்பது? டாக்டரின் கடிதத்தையும் அவர் ஆதாரமாகக் காட்டும் ஆய்வுக் கட்டுரைகளையும். மறுபடி மறுத்தால், வெளி மதிப்பாய்வு கேட்க நான்கு மாதம் இருக்கிறது.