முடிவு என்னும் முடிச்சு

நுழையும்முன்

கதை எழுதத் தொடங்குவோர் பலர். எழுதி முடிப்போர் சிலர். முதல் பக்கம் அழகாக எழுதப்பட்டு, மூன்றாம் பக்கத்தில் நின்றுபோன கதைகள் குறிப்பேடுகள் பலவற்றில் உறங்குகின்றன. இது தொடக்கநிலை எழுத்தாளர்க்கு மட்டும் நேர்வதன்று. உலகப் புகழ்பெற்ற படைப்பாளிகளும் இத்தடையைச் சந்தித்துள்ளனர். தொடங்கிய கதை ஏன் நின்றுவிடுகிறது, அதை முடிக்க எது துணைநிற்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

தொடக்கத்தின் இனிமை

கதையைத் தொடங்குவது எளிது. தொடக்கம் எழுதுபவரிடம் எதையும் இழக்கச் சொல்வதில்லை. பேருந்து நிலையத்தில் காத்திருக்கும் சிறுவன் ஒருவனிடம் மூதாட்டி ஒருவர் துணிப்பையைக் கொடுத்து, "பார்த்துக்கொள் தம்பி, வந்துவிடுகிறேன்" என்று சொல்லிச் செல்கிறார் எனக் கொள்வோம். நேரம் செல்கிறது, அவர் திரும்பவில்லை. சிறுவன் ஊர் திரும்புவதற்குரிய கடைசிப் பேருந்து வந்து நிற்கிறது.

இதுவரை எழுதுவதில் இடர்ப்பாடு இல்லை. பையில் பணம் இருக்கலாம், மருந்து இருக்கலாம், பழைய கடிதங்களும் இருக்கலாம். இந்த இடத்தில் கதைக்கு நூறு வழிகள் உள்ளன. ஆனால், அடுத்த வரி எழுதப்பட்டவுடன் ஒரு வழி திறக்க, மற்றவை அடைபடுகின்றன. சிறுவன் பேருந்தில் ஏறிவிட்டால் அது ஒரு கதை. ஏறாமல் நின்றுவிட்டால் அது வேறொரு கதை. மனத்தில் உலவும் நூறு கதைகளுள் தொண்ணூற்றொன்பதைக் கைவிட்டால்தான் ஒரு கதை தாளில் பிறக்கும். அவ்விழப்புக்கு மனம் ஒப்பாதபோது எழுதுகோல் நின்றுவிடுகிறது.

இடைவழியில் நிற்றல்

கதை நடுவில் நின்றுபோகப் பொதுவான காரணங்கள் சில உண்டு. எழுதிய முதல் பக்கத்தையே மீண்டும் மீண்டும் திருத்திக்கொண்டிருப்பது ஒன்று. திருத்தம் தேவையே, ஆயினும், முழுக்கதையும் உருப்பெறும் முன்னர் எந்த வரி வேண்டும், எது வேண்டா என்று அறிய வழியில்லை. எழுதும் கதை கடினமாகும்போது மனத்தில் தோன்றும் புதிய கதையை நாடிச் செல்வது மற்றொன்று. புதிய கதையும் மூன்றாம் பக்கத்தில் அதே கடினத்தைக் கொண்டுவந்து நிறுத்தும்.

கதைமாந்தரிடம் எழுதுபவர் கொள்ளும் பரிவும் தடையாகலாம். சிறுவனுக்குத் துன்பம் நேரக்கூடாது எனக் கருதினால், மூதாட்டி உடனே திரும்பிவிடுவார், கதை நகராது. சில வேளைகளில் எழுப்பிய வினாவே பிழையாக இருக்கும். 'பையில் என்ன இருக்கிறது?' என்ற வினாவைப் பற்றிக்கொண்டவர் விடை தேடிக் களைத்துப்போவார். 'ஒப்படைக்கப்பட்ட பொருளுக்காகச் சிறுவன் எதை இழக்கத் துணிவான்?' என்று வினவினால் கதை மீண்டும் நடக்கத் தொடங்கும்.

காஃப்காவின் இரவுகள்

பிராகு நகரில் வாழ்ந்து செருமானிய மொழியில் எழுதிய ஃபிரான்சு காஃப்கா, பகலில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றியவர்; இரவில் எழுதியவர். 1912 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு பத்து மணிக்கு எழுத அமர்ந்த அவர், மறுநாள் காலை ஆறு மணிக்கு 'தீர்ப்பு' என்னும் சிறுகதையை முடித்து எழுந்தார். அதே கையால் எழுதப்பட்ட அவருடைய புதினங்கள் மூன்றும் முற்றுப்பெறவில்லை. அவற்றுள் ஒன்றான 'விசாரணை'யின் தொடக்கத்தையும் இறுதிப் பகுதியையும் அவர் முற்படவே எழுதிவிட்டார் என்பர் ஆய்வாளர். முடிவு கையில் இருந்தும் இடைப்பகுதி நிறைவுபெறவில்லை. எனவே, முடிவை அறிந்திருப்பது மட்டும் போதாது; அம்முடிவை நோக்கிக் கதையை நாள்தோறும் நடத்திச் செல்லும் உழைப்பும் வேண்டும் என்பது புலனாகிறது.

அவருடைய மற்றொரு கதையான 'உருமாற்றம்' முற்றுப்பெற்றது. அதன் முடிவு தமக்கு நிறைவளிக்கவில்லை என்று நாட்குறிப்பில் எழுதிய காஃப்கா, 1915இல் அதை வெளியிட்டார். இன்று உலகெங்கும் படிக்கப்படும் கதைகளுள் அதுவும் ஒன்று. எழுதியவர்க்கு மனநிறைவு உண்டாகும்வரை காத்திருக்க வேண்டும் என்னும் நியதி கதைக்கு இல்லை.

வாரந்தோறும் ஒரு படி

இடைவிடா உழைப்புக்குத் தமிழில் சிறந்த சான்று தொடர்கதை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வார இதழில் வெளிவந்தது. இதழ் அச்சேறும் நாள் எழுதுபவரின் மனநிலைக்காகக் காத்திருப்பதில்லை. முழுப் புதினத்தையும் எண்ணி மலைக்காமல், அந்த வாரத்திற்குரிய அத்தியாயத்தை எழுதும் கட்டாயமே கதையை முன்னடத்தியது. ஐந்து பாகங்களாக வளர்ந்த கதை நிறைவெய்தியபோதும், முடிவு போதவில்லை எனக் கருதிய வாசகர் இருந்தனர். அவர்கள் எழுப்பிய வினாக்களுக்குக் கல்கி முடிவுரையில் விளக்கம் அளித்தார். முடிக்கப்பட்ட கதைக்கே இத்தகைய உரையாடல் வாய்க்கும்; முடியாத கதையோடு உரையாட வாசகர் எவரும் இலர்.

காலம் தடுத்த கதைகள்

முடிக்கும் ஆற்றல் இருந்தும் காலம் இடம்கொடாத கதைகளும் உள. பாரதியாரின் 'சந்திரிகையின் கதை' முற்றுப்பெறாத புதினம். பெயருக்குரிய சந்திரிகை சிறு குழந்தையாக இருக்கும்போதே கதை நின்றுவிடுகிறது. 1954இல் கல்கி மறைந்தபோது 'அமரதாரா' முடிவடையாமல் இருந்தது. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதை நிறைவு செய்தார். வடமொழியில் பாணர் முடிக்காமல் விட்ட 'காதம்பரி'யை அவர் மகன் முடித்தார் என்பது இலக்கிய வரலாறு. இவ்வாறு மற்றொருவர் வந்து முடிக்கும் பேறு எல்லாக் கதைக்கும் கிட்டுவதில்லை.

முடிவு: ஒரு சொல், இரு பொருள்

தமிழில் 'முடிவு' என்னும் சொல் இறுதியையும் குறிக்கும், தீர்மானத்தையும் குறிக்கும். 'கதையின் முடிவு' என்னும்போது இறுதி. 'முடிவு செய்தான்' என்னும்போது தீர்மானம். 'முடித்தல்' என்பதற்குக் கட்டுதல் என்னும் பொருளும் உண்டு. மலர்களைத் தொடுப்பவர் இறுதியில் ஒரு முடிச்சிடாவிட்டால் தொடுத்தவை யாவும் உதிர்ந்துவிடும். கதையும் அத்தகையதே. எழுதுபவர் தீர்மானம் செய்யும் இடத்தில்தான் கதை இறுதியை அடைகிறது.

எனவே, கதை நின்றுபோன இடத்தில் எழுதுபவர் தேட வேண்டியது அழகிய சொற்றொடரை அன்று. இன்னும் செய்யப்படாத தீர்மானத்தையே. சிறுவன் பேருந்தில் ஏறுவானா, மாட்டானா என்பதைத் துணிந்துவிட்டால், அதற்குரிய சொற்கள் பின்தொடரும். அத்துணிவு தவறாகவும் அமையலாம். முழுமை பெற்ற கதையில்தான் அத்தவறு கண்ணுக்குப் புலப்படும், திருத்தவும் இயலும். குறையோடு முடிந்த ஒரு சிறுகதை, முடிவுறாத பத்துத் தொடக்கங்களைவிட மிகுதியாகக் கற்பிக்கும். கடைசி வரியை எழுதிப் பழகிய கைக்கே அடுத்த கதையின் நடுவழி அச்சம் தராது.