ஊறுகாய்: சொல்லும் செயலும்

வினைத்தொகைக்கு எடுத்துக்காட்டுக் கேட்டால் மாணவர் நாவில் முதலில் வருவது ஊறுகாய். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என மூன்று காலத்திற்கும் விரியும் இச்சொல்லில் காலங்காட்டும் உறுப்பு மறைந்து நிற்கிறது என்று வகுப்பறையில் விளக்குகிறோம். ஆனால் சமையற்கட்டில் இவ்விலக்கணம் வேறொரு பொருளையும் தருகின்றது. ஊறுகாயை ஆக்குவது அடுப்பன்று, காலமே. ஜாடிக்குள் மறைந்திருந்து அது தன் வேலையைச் செய்கிறது. அவ்வேலை யாது, அது பிழைபடுவது எவ்வாறு என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை இப்பகுதியிலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஏரிப்பாசனத்தால் வாழ்ந்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரம், 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்துத் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பெற்ற பின்னர்ப் படிப்படியாகத் தொழில் வட்டாரமாயிற்று. 2010இல் ஒரகடத்திலும் மகிழுந்து உற்பத்தி தொடங்கியது. வயல்கள் குறைந்தன, எனினும் ஊர்ப்புறத்து வீடுகளின் கொல்லையில் எலுமிச்சையும் மிளகாயும் பாகலும் கத்தரியும் இன்னும் காய்க்கின்றன. திருவண்ணாமலை, வேலூர் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கிப் பணிபுரியும் இளம்பெண்கள், ஊருக்குச் சென்று திரும்பும்போதெல்லாம் தாய் கையால் இட்ட ஊறுகாயைச் சுமந்து வருகின்றனர். 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த கைப்பேசித் தொழிற்சாலையொன்றின் பெண் தொழிலாளர் விடுதி உணவால் நோயுற்று, நூற்றுக்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பெற்றதும், அவர்தம் தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்ததும் நாடறிந்த செய்தி. விடுதிச் சோற்றை நம்ப இயலாதவருக்கு வீட்டு ஊறுகாய் துணையாகிறது. அத்துணையே தீங்காகிவிடலாகாது அன்றோ!

தொண்டை நாட்டாருக்கு ஊறுகாய் புதிதன்று. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், அந்தணர் இல்லங்களில் பாணர்க்குக் கிடைக்கும் உணவு கூறப்படுகின்றது. மாதுளங்காயை மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து வெண்ணெயில் ஆக்கிய கறியோடு, மாவின் இளவடு இட்ட காடியும் அங்கே இடம்பெறுகின்றது. மிளகாய் அப்பட்டியலில் இல்லை, இருக்கவும் இயலாது. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய அது, போர்த்துகீசியர் வருகைக்குப் பின்னரே நம் மண்ணில் வேரூன்றியது. சிவந்த ஊறுகாயை நம் பழமரபு எனப் பேசுவோர் இதனை நினைவிற் கொள்ளல் நலம்.

காடி என்னும் சொல் இசுலாமியத் தமிழர்க்கு மற்றொரு வழியிலும் அணுக்கமானது. காடியைச் சிறந்த தொடுகறி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பாராட்டிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. வீட்டில் வேறு தொடுகறி இல்லாத வேளையில், இருந்த காடியை மனநிறைவோடு உண்டு கூறிய சொல் அது. ஆச்சார் என்னும் பாரசீகச் சொல்லும் நெடும்பயணம் செய்துள்ளது. உருதிலும் இந்தியிலும் வழங்கும் அது, மலாய் நாட்டில் அச்சார் என்றும் ஈழத்தில் அச்சாறு என்றும் ஒலிக்கக் காண்கிறோம். வடபுலத்துத் தொழிலாளரும் ஒரகடத்து அறைகளில் அச்சொல்லையே வழங்குகின்றனர்.

இனிச் செயலை நோக்குவோம். நறுக்கிய காயில் உப்பிட்டால் அதன் உள்ளிருக்கும் நீர் வெளியேறுகிறது. மாவடு சுருங்குவதும் ஜாடியில் சாறு ஊறுவதும் இதனாலேயே. காயை அழுகச் செய்யும் நுண்ணுயிரிகள் பலவும் உப்பின் மிகுதியைத் தாங்கமாட்டா. உப்பு அளவாக உள்ள இடத்தில், உப்பைத் தாங்கவல்ல ஒருவகை நுண்ணுயிரிகள் காயிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. தயிரைப் புளிக்கச் செய்வதும் இவ்வினமே. ஆகவே காப்பவை இரண்டு: ஒன்று உப்பு, மற்றொன்று புளிப்பு. மஞ்சளும் கடுகும் வெந்தயமும் உறுதுணை செய்வனவேயன்றித் தாமே காப்பன அல்ல.

தோட்டத்துக் காய்களுள் எலுமிச்சை எளிது. தன் புளிப்பாலேயே அது தன்னைக் காத்துக்கொள்ளும். ஒரு கிலோ பழத்தைக் கழுவி, ஈரம் சிறிதுமின்றித் துடைத்து நறுக்கி, இருநூறு கிராம் கல்லுப்பும் சிறிது மஞ்சளும் கலந்து ஜாடியிலிட வேண்டும். நாள்தோறும் ஒருமுறை குலுக்கி வர, பத்துப் பதினைந்து நாளில் தோல் மெத்தென்றாகும். அந்நிலையில் நூறு கிராம் பச்சை மிளகாயைக் கீறி இடலாம். தோல் சீவி நறுக்கிய இஞ்சியும் பாகற்காய்த் துண்டுகளும் ஓரளவே சேர்க்கலாம். புதிதாய்ச் சேர்ப்பவை யாவும் சாற்றில் முழுமையாக மூழ்குதல் இன்றியமையாதது. மூழ்காவிடின் இன்னும் சில பழங்களைப் பிழிந்து ஊற்றுக. ஈர்க்குச்சி போலும் ஒரு துண்டு வெளியே நீட்டிக் கொண்டிருந்தாலும் பூஞ்சணம் அங்கேதான் முதலில் படியும்.

கத்தரி, கொத்தவரை, கேரட், பூண்டு ஆகியவற்றின் நிலை வேறு. இவற்றிற்கு இயல்பான புளிப்பு இல்லை. பலர் இவற்றை வதக்கி, மிளகாய்த்தூள் தூவி, மேலே எண்ணெய் ஊற்றிவிட்டால் போதும் என எண்ணுகின்றனர். இது பெரும்பிழை. எண்ணெய் காற்றைத் தடுக்கும், பூஞ்சணத்தையும் தடுக்கும். ஆனால் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிரி காற்றில்லா இடத்தையே விரும்புவது. மண்ணில் வாழும் அதன் வித்துகள் காயோடு ஒட்டி வரும், கொதிநீரிலும் மடியா. புளிப்பு குன்றிய காய் எண்ணெய்க்குள் கிடக்குமாயின், அவ்வித்துகள் முளைத்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கக்கூடும். அந்நஞ்சிற்கு நாற்றமும் சுவையும் இல்லாதிருக்கலாம் என்பதே அச்சந்தருவது. பி.எச். எனப்படும் அமில எண் 4.6க்குக் கீழே நின்றால் இவ்வுயிரி தலையெடுக்காது. எனவே இக்காய்களைக் காடியில் கொதிக்கவிட்டு எடுத்து, அக்காடியோடே ஜாடியிலிடுவது தக்கது. புளிக்காடியோ எலுமிச்சைச் சாறோ தாராளமாகச் சேராத பூண்டு, கத்தரித் தொக்குகளைக் குளிர்பெட்டியில் வைத்துச் சில நாளில் உண்டு முடித்துவிட வேண்டும், விடுதிக்குக் கொடுத்தனுப்பலாகாது.

கலத்தைப் பற்றியும் ஒரு சொல். பீங்கான் ஜாடியும் கண்ணாடிக் குடுவையும் சிறந்தவை. அலுமினியம், பித்தளை ஆகியவற்றை உப்பும் புளிப்பும் அரித்துவிடும். அகப்பை மரத்தாலானதாக, உலர்ந்ததாக இருத்தல் நன்று. மேலே பூஞ்சணம் படர்ந்தால் அதனை வழித்தெறிந்துவிட்டு அடியிலுள்ளதை உண்ணும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. சிக்கனம் போற்றுதற்குரியதே எனினும் இவ்விடத்தில் அது பொருந்தாது. நுரைத்தாலும் மூடி உப்பினாலும் முழுவதையும் கொட்டிவிடுதலே முறை. நாளொன்றுக்கு ஒருவர் உண்ணும் உப்பு ஐந்து கிராமிற்குள் அமைய வேண்டும் என உலக நல வாழ்வு நிறுவனம் கூறுவதால், ஊறுகாய் தொட்டுக்கொள்ளும் அளவில் நிற்பதே உடலுக்கு இசைவு.

விடுதிக்குச் செல்லும் பெண்ணுக்கு ஒரு பெரிய ஜாடியைக் கொடுப்பதைவிட, வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்த சிறு குடுவைகள் நான்கைக் கொடுப்பது மேல். அறைத்தோழியர் பலரும் கைவிடும் குடுவை ஒன்று கெட்டாலும் ஏனைய மூன்றும் எஞ்சும். ஒவ்வொன்றிலும் காய்களுக்கு மேல் ஒரு விரற்கடையளவு சாறு நிற்குமாறு பார்த்து, இட்ட நாளை ஒரு தாளில் எழுதி மூடியின்மேல் ஒட்டியனுப்புக.