தானியங்கிக் கியர்ப்பெட்டியும் அதன் செந்நிற எண்ணெயும்

கிளட்ச் மிதி இல்லாத மோட்டார் வண்டி ஒரு காலத்தில் நம் நாட்டில் காண்பதற்கு அரிய பொருளாக இருந்தது. இன்று தலைநகர் தில்லியின் சாலைகளில் ஓடும் பெரிய வண்டிகளுள் பல அவ்வகையைச் சேர்ந்தவை. ஓட்டுபவர் கைப்பிடியை ஓட்டநிலைக்கு நகர்த்திவிட்டால் போதும். வேகத்திற்கும் சுமைக்கும் ஏற்ப வண்டி தானே கியரை மாற்றிக்கொள்கிறது. இவ்வேலையைச் செய்யும் பெட்டிக்குள் நிகழ்வது யாது, அதன் எண்ணெயையும் வடிகட்டியையும் ஏன் மாற்றவேண்டும், எவ்வாறு மாற்றுகிறார்கள் என்பவற்றை இங்கே விளக்க முற்படுகிறோம்.

இதைப்பற்றி எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம் குடியிருப்பில் வாழும் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், ஏழு பேர் அமரக்கூடிய பெரிய வண்டி ஒன்றைப் பிறரிடமிருந்து வாங்கினார். நான்கு ஆண்டுகள் குறையின்றி ஓடிய அவ்வண்டி, ஒரு ஜூன் மாத நண்பகலில் மேம்பாலத்து ஏற்றத்தில் நின்றுவிட்டது. எஞ்சின் உறுமிற்று, சக்கரங்கள் நகரவில்லை. கியர்ப்பெட்டியைப் பழுதுபார்க்கக் கேட்ட தொகை, வண்டி வாங்கிய விலையில் ஏறத்தாழப் பாதி. “இதிலுள்ளது ஆயுட்கால எண்ணெய், மாற்றவே வேண்டாம் என்றல்லவா முன்பு சொன்னீர்கள்?” என்று அவர் வினவியிருக்கிறார். “அந்தப் பெட்டியின் ஆயுள் இவ்வளவுதான், சார்” என்று விடை கிடைத்ததாம். மறுநாள் அவர் வண்டியின் கையேட்டை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். “நீங்கள் மொழிபெயர்ப்புத் துறையில் இருக்கிறவர்கள் ஆயிற்றே, இந்தச் சொல்லுக்கு உண்மையில் என்னதான் பொருள்?” என்றார்.

சொற்களை நிறுத்துப் பார்ப்பதே தொழிலாகக் கொண்ட நமக்கும் அச்சொல் பிடி கொடுக்கவில்லை. ஆயுட்காலம் என்றால் எவருடைய ஆயுள்? வண்டியுடையதா, பெட்டியுடையதா, உத்தரவாதச் சீட்டுடையதா? பல நிறுவனத்து வண்டிகளுக்குக் கியர்ப்பெட்டி செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம், 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டர் ஓட்டத்திற்கு ஒருமுறை, அல்லது 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுமாறு அறிவுரை கூறுகிறது. பெட்டியைச் செய்தவரே இவ்வாறு கூறும்போது, மாற்றவே வேண்டாம் என்னும் வாக்கை அப்படியே நம்புவதற்கில்லை.

இதைக் காட்டிலும் நம் கருத்தைக் கவர்ந்தது அமெரிக்கக் கையேடுகளில் கண்ட ஒரு குறிப்பு. அந்நாட்டுப் பெரிய வண்டிகளுள் செவ்ரோலே டாஹோ என்பது பெயர் பெற்றது. 2000ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த இவ்வண்டியின் பராமரிப்பு அட்டவணை, ‘கடும் பயன்பாட்டில்’ உள்ள வண்டிக்கு 50,000 மைலுக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ 80,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, கியர்ப்பெட்டி எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றச் சொல்கிறது. கடும் பயன்பாடு யாது? வெளி வெப்பம் அடிக்கடி 32 பாகை சென்டிகிரேடைத் தாண்டும் ஊரில் நெரிசல் மிக்க தெருக்களில் ஓட்டுதல், மலைப்பாதையில் ஓட்டுதல், பின்னால் இழுவண்டி பூட்டி இழுத்தல், வாடகை வண்டியாக ஓட்டுதல். இப்பட்டியலின் முதல் வரியைப் படித்தவுடன் நண்பர் நம் முகத்தைப் பார்த்தார். 32 பாகை என்பது தில்லியிலும் நாகபுரியிலும் சென்னையிலும் ஆண்டில் பல மாதங்கள் நிலவும் சாதாரண வெயில். அங்கே விதிவிலக்காக எழுதப்பட்டது இங்கே அன்றாட நடைமுறை. கையேட்டின் சிறிய எழுத்துகளைப் படிக்கும் நம் நாட்டார், ‘கடும் பயன்பாடு’ என்னும் பத்தி நமக்கென்றே எழுதப்பட்டது என்று கொள்வதே தகும்.

இனி, எண்ணெய் என்ன செய்கிறது என்று பார்ப்போம். எஞ்சினில் உள்ள எண்ணெய் முக்கியமாக உராய்வைத் தணிக்கிறது. தானியங்கிக் கியர்ப்பெட்டியின் எண்ணெயோ அதற்கும் மேலாக நான்கைந்து வேலைகளைச் சுமக்கிறது. எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளுள் ஒன்றை ஓடவிட்டால், அதன் காற்றுப்பட்டு மற்றதும் மெல்லச் சுழலும் அல்லவா? எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையே டார்க் கன்வெர்ட்டர் என்னும் உறுப்பில் நிகழ்வதும் அதுவே. ஆனால் அங்கே காற்றுக்குப் பதிலாக எண்ணெய் விசையைக் கடத்துகிறது. அடுத்து, ஒரு பம்பு எண்ணெயை அழுத்தத்துடன் நுண்ணிய வால்வு வழிகளுக்குள் செலுத்துகிறது. அவ்வழுத்தமே பெட்டிக்குள் அடுக்கடுக்காக உள்ள கிளட்ச் தகடுகளை இறுக்கியும் தளர்த்தியும் கியரை மாற்றுகிறது. ஓட்டுபவரின் இடக்காலும் கையும் செய்துவந்த வேலையை எண்ணெயே செய்கிறது என்று கூறலாம். பிறகு, உள்ளே எழும் வெப்பத்தை ஏந்திச் சென்று ரேடியேட்டர்ப் பக்கத்தில் இறக்கிவிட்டுத் திரும்புவதும் அதுவே.

இத்தனை வேலைக்கும் பகை வெப்பம். வெப்பம் மிகுந்தால் எண்ணெய் காற்றிலுள்ள உயிர்வளியுடன் கலந்து கெடுகிறது. அதன் செந்நிறம் பழுப்பாகிப் பின் கறுக்கிறது. வால்வு வழிகளில் பிசின் போன்ற படலம் படிகிறது. காகித இழையால் ஆன உறை போர்த்த கிளட்ச் தகடுகள் பற்றவேண்டிய நேரத்தில் வழுக்குகின்றன. வழுக்கினால் மேலும் வெப்பம். வெப்பத்தால் மேலும் கேடு. நம் நண்பரின் வண்டி மேம்பாலத்தில் நின்றது ஒரு நாளில் நேர்ந்த விபத்தன்று. நான்கு கோடைகளாக உள்ளே நடந்துவந்ததன் முடிவே அது.

இவ்வெண்ணெய்க்கு ஒரு வரலாறும் உண்டு. 1939இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்கு ‘ஹைட்ராமாடிக்’ என்னும் தானியங்கிப் பெட்டியை அறிமுகம் செய்தது. இவற்றுக்கென்று தனி எண்ணெய்த் தரம் 1949இல் வகுக்கப்பட்டது. 1967இல் ‘டெக்ஸ்ரான்’ என்னும் பெயர் வந்தது. எஞ்சின் எண்ணெயோடு மயங்காதிருக்கச் சிவப்புச் சாயம் சேர்த்தார்கள். கிளட்ச் தகடுகள் அதிர்வின்றிப் பற்றுவதற்காக ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயையும் அதில் கலந்துவந்தார்கள் என்பது இன்று பலருக்கு வியப்பளிக்கும். 1970களின் தொடக்கத்தில் அழியும் உயிரினம் என அத்திமிங்கிலத்துக்கு அமெரிக்காவில் காப்பு அளிக்கப்பட்டதும், வேதியியலார் மாற்றுப்பொருள் தேடவேண்டியதாயிற்று. இன்றைய டெக்ஸ்ரான் 6 என்னும் தரம் 2005இல் வந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனித் தரம் வகுத்திருக்கின்றது. எல்லாம் சிவப்பாக இருப்பதால் எல்லாம் ஒன்றென்று கொள்ளலாகாது. கையேட்டில் எழுதியுள்ள தரம் எதுவோ அதையே வாங்கவேண்டும். மேலும், 2014 முதல் நம் நாட்டுச் சிறிய கார்களில் பரவிவரும் ஏ.எம்.டி. என்பது வேறு. அது வழக்கமான கியர்ப்பெட்டியே. கிளட்சையும் கியர் மாற்றத்தையும் ஒரு கருவி இயக்குகிறது. இங்கே கூறுவன அதற்குப் பொருந்தா.

மாற்றும் முறைக்கு டாஹோ வண்டியையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அமெரிக்காவில் உரிமையாளர்கள் தம் வீட்டு முற்றத்திலேயே இவ்வேலையைச் செய்துகொள்வது வழக்கமாதலால், அதன் விவரங்கள் தெளிவாகக் கிடைக்கின்றன. அவ்வண்டியின் நான்கு கியர்ப் பெட்டிக்கு 4எல்60-ஈ என்று பெயர்.

வண்டியின் எடை 2 டன்னுக்கு மேல். அதைத் தூக்கும் ஜாக் தூக்குவதற்கே உரியது, தாங்குவதற்கு அன்று. சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு அடை கொடுத்து, உறுதியான தாங்குகால்களின் மேல் வண்டியை இறக்கிய பிறகே அடியில் புகவேண்டும். செங்கற்களை அடுக்கி அதன்மேல் வண்டியை ஏற்றிவிட்டு அடியில் படுப்பவர்களை நம் ஊர்ப் பட்டறைகளில் கண்டிருக்கிறோம். செங்கல் நொறுங்கும்போது முன்னறிவிப்புத் தருவதில்லை. எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கலாம்; நீண்ட ஓட்டம் முடிந்த உடனே திறந்தால் கை வெந்துவிடும்.

பெட்டியின் அடியில் 16 போல்ட்டுகளால் பிணைத்த அகன்ற தட்டு ஒன்று உண்டு. அதில் வடிதுளை இல்லாத வண்டிகளே மிகுதி. ஆகையால் வாய் அகன்ற தொட்டி ஒன்றை அடியில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்துப் போல்ட்டுகளைச் சிலவாகக் கழற்றித் தட்டை மெல்லச் சாய்க்கவேண்டும். எண்ணெய் அந்த மூலை வழியாக வடியும். அவசரப்பட்டு எல்லாவற்றையும் கழற்றினால் ஐந்து லிட்டர் எண்ணெயும் தோளில் விழும். புகைபோக்கிக் குழாயும் கியர்க் கம்பியின் பிடியும் வழியை மறிப்பதுண்டு; பொறுமை வேண்டும்.

இறக்கிய தட்டின் அடியில் ஒரு காந்தம் இருக்கும். பெட்டியின் நலத்தைக் கூறும் சான்று அது. காந்தத்தின் மேல் சாம்பல் நிற மை போன்ற நுண்பொடி படிந்திருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் இரும்புச் சில்லுகளோ, தட்டில் வெண்கல நிறத் துகள்களோ காணப்பட்டால், எண்ணெய் மாற்றுவதால் மட்டும் தீராத நோய் உள்ளே இருக்கிறது. எண்ணெய் கறுத்துக் கருகல் வாடை வீசினாலும் அவ்வாறே. ‘பழைய எண்ணெயை மாற்றியதால்தான் பெட்டி கெட்டது’ என்று பட்டறைகளில் ஒரு பேச்சு வழங்குகிறது. தேய்ந்துபோன தகடுகள் எண்ணெய் மாற்றிய பின்னும் தேய்ந்தவையே; பழி மட்டும் புதிய எண்ணெய்மேல் விழுகிறது என்பது நம் கருத்து.

வடிகட்டி தட்டுக்கு மேலே, பம்பின் வாயில் செருகப்பட்டிருக்கும். அசைத்து இழுத்தால் வந்துவிடும். ஆனால் அதன் கழுத்தைச் சூழ்ந்த ரப்பர் வளையம் பெரும்பாலும் மேலேயே தங்கிவிடுகிறது. இதைக் கவனியாது புதிய வளையத்தை அதன்மேல் செருகுவோர் உண்டு. பழையதை மெல்ல நெம்பி எடுக்கவேண்டும். அங்குள்ள அலுமினியத் துளையில் கீறல் விழலாகாது. ஏனெனில் அது பம்பு எண்ணெயை உறிஞ்சும் வழி. அங்கே சிறு சந்து இருந்தாலும் பம்பு எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சும், அழுத்தம் குன்றும், தகடுகள் வழுக்கும். சில ரூபாய் பெறுமானமுள்ள வளையம் ஒரு பெட்டியையே கெடுத்துவிடக்கூடும். இவ்வகைப் பெட்டிக்கு ஆழமான தட்டு, ஆழம் குறைந்த தட்டு என இரண்டு உண்டு; வடிகட்டியும் அதற்கேற்ப வேறுபடும். ஆகையால் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து ஒப்பிட்ட பிறகே செருகவேண்டும்.

தட்டைத் துடைத்து, காந்தத்தைத் தூய்மைசெய்து, புதிய காஸ்கெட் வைத்துப் பூட்டும்போது கைவலிமையைக் காட்டலாகாது. 11 நியூட்டன்-மீட்டர் முறுக்கமே போதும். ஒன்றுவிட்டு ஒன்றாக, எதிரெதிர்ப் பக்கமாக இறுக்கவேண்டும். மிகுதியாக முறுக்கினால் தட்டின் விளிம்பு வளைந்து, எண்ணெய் கசியத் தொடங்கும்.

தட்டை இறக்குவதால் வெளிவருவது ஏறத்தாழ 4.7 லிட்டர். பெட்டியின் முழுக் கொள்ளளவோ ஏறத்தாழ 10.6 லிட்டர். எஞ்சியது டார்க் கன்வெர்ட்டரிலும் குளிர்விக்கும் குழாய்களிலும் தங்கிவிடுகிறது. ஆகவே ஒரே முறையில் எண்ணெய் முழுவதும் புதிதாகிவிடாது. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியபின் மறுமுறை வடித்து மாற்றுவோர் உண்டு. அது நல்ல வழக்கம். இயந்திரம் பூட்டி எல்லா எண்ணெயையும் ஒரேயடியாக மாற்றித் தருவதாகக் கூறும் பட்டறைகளில், தட்டை இறக்கி வடிகட்டியையும் மாற்றுவார்களா என்று முதலில் கேட்கவேண்டும்.

அளவு பார்ப்பதிலேதான் பலரும் தவறுகிறார்கள். எஞ்சின் எண்ணெயை எஞ்சின் நின்றிருக்கும்போது பார்க்கிறோம். கியர்ப்பெட்டி எண்ணெயை, இவ்வண்டியைப் பொறுத்தவரை, எஞ்சின் ஓடும்போதே பார்க்கவேண்டும். சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்துக்கொண்டு, கைப்பிடியை ஒவ்வொரு நிலையிலும் சில விநாடி நிறுத்தி, மறுபடி நிறுத்துநிலைக்குக் கொண்டுவந்து, அதன்பின் அளவுக்கோலை உருவவேண்டும். எண்ணெய் 82 முதல் 93 பாகை வரை சூடேறியிருக்கவேண்டும். சூட்டில் எண்ணெய் விரிவதால், குளிர்ந்த நிலையில் கோலின் மேற்குறிவரை ஊற்றினால் பிறகு மிகுந்துவிடும். மிகுந்த எண்ணெயைச் சுழலும் உறுப்புகள் கடைந்து நுரையாக்கும். நுரைக்கு அழுத்தம் தாங்கும் ஆற்றல் இல்லை. குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. 32 பாகைக்கு மேற்பட்ட வெயிலில் ஓடிவந்த வண்டியானால், அரை மணி நேரம் பொறுத்துப் பார்க்குமாறு அதே கையேடு கூறுகிறது. ஆக, மே மாதத்துத் தில்லியில் காத்திருக்காமல் பார்ப்பதற்கு விடியற்காலையே ஏற்றது.

நம் நாட்டில் இன்று ஓடும் பெரிய வண்டிகள் பலவற்றில் அளவுக்கோலே இல்லை. பக்கத்திலோ அடித்தட்டிலோ உள்ள ஒரு திருகை, எண்ணெய் குறிப்பிட்ட வெப்பத்தில் இருக்கும்போது திறந்தால், மிகுதியான எண்ணெய் வழிந்து அளவு தானே அமைகிறது. அவ்வெப்பம் எவ்வளவு என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். அதை அறியக் கணினிக் கருவி வேண்டும். ஆகையால் இவ்வகை வண்டியை வீட்டில் திறப்பதை நாம் பரிந்துரைக்கமாட்டோம். பட்டறையில் அருகிருந்து, எத்தனை பாகையில் திருகைத் திறக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம்.

வடித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டுவது குற்றம். 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய எண்ணெய் அபாயக் கழிவாகும். மூடியுள்ள கலனில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேரும்படி ஒப்படைக்கவேண்டும்.

நம் நண்பர் பெட்டியைச் செப்பனிட்டுக்கொண்டார். எண்ணெய் ஊற்றிய நாளையும் அன்றைய கிலோமீட்டர்க் கணக்கையும் ஒரு சீட்டில் எழுதி, ஓட்டுபவர் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறார். அடுத்த முறைக்கு 80,000 என்று எழுதியிருந்தார். வெயிலை எண்ணி, நாம் அதை 60,000 ஆக்கச் சொன்னோம்.